பங்குனி முடியறதுக்குள்ள: திட்டமிட்ட சிசேரியனின் தேதி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தக் குழந்தை பிழைத்துவிட்டது, நன்றாகவும் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுத நினைப்பது குழந்தைக்கு வந்த மூச்சுத்திணறலைப் பற்றி மட்டுமல்ல. அந்தக் குழந்தை பிறந்த தேதி எப்படி முடிவானது என்பதைப் பற்றி. அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வாரக் கணக்கை மட்டும் மாற்றவில்லை.

தாய்

வயது 27. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் மாமியாரோடு இருக்கிறார். கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, மாதம் இரண்டு முறை மலையேறி வருவார். இது இரண்டாவது கர்ப்பம். முதல் குழந்தை நான்கு வருடம் முன்பு சிசேரியனில் பிறந்தது. குழந்தை இடுப்பு முன்னே வரும் நிலையில் இருந்ததால் ஆபரேஷன். வெட்டு வழக்கமான கீழ்க்குறுக்கு வெட்டு. இந்த முறை சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, நஞ்சுக்கொடி மேலே பின்பக்கச் சுவரில், பழைய தையலை விட்டு விலகியே இருந்தது. ஹீமோகுளோபின் 10.2. மலைக்கு இது மோசமில்லை, நல்லதும் இல்லை.

கடைசி மாதவிடாய் ஜூலை 26. அதை வைத்துத் தாய் சேய் நல அட்டையில் எழுதப்பட்ட பிரசவ தேதி மே 2.

சிசேரியன் நடந்தது ஏப்ரல் 12 காலை. அட்டைக் கணக்கில் 37 வாரம் 1 நாள்.

குழந்தை

பெண் குழந்தை, 2.42 கிலோ. பிறந்தவுடன் அழுதது. பிறந்த குழந்தையின் நிலையைப் பத்துக்கு மதிப்பிடும் அப்கார் மதிப்பெண் 8, பிறகு 9. எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். தாய்க்குக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனும் அதே மேசையில் முடிந்தது. இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்ல வேண்டும்.

இருபது நிமிடம் கழித்து முனகல் ஆரம்பித்தது. மூக்கு விரிந்தது, விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளிழுத்தது, மூச்சு நிமிடத்துக்கு 84. பிறந்த குழந்தைக்கு 60-க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். அந்த நர்சிங் ஹோமில் ஆக்சிஜன் இருந்தது. மூக்கு வழியாக இடைவிடாமல் காற்றழுத்தம் கொடுக்கும் சிபாப் கருவி இல்லை. குழந்தை முனகும் ஒவ்வொரு முறையும் தானே தன் நுரையீரலுக்குக் கொஞ்சம் அழுத்தம் கொடுத்துக்கொள்கிறது. சிபாப் அந்த வேலையைக் குழந்தைக்குப் பதிலாகச் செய்யும். தலையைச் சுற்றி ஹூட் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள், இரண்டு மணி நேரம் பார்த்தார்கள், அப்புறம் 108-ஐக் கூப்பிட்டார்கள்.

ஊட்டியில் எங்கள் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தபோது மணி 2.40. உடல் வெப்பநிலை 35.2 டிகிரி. பாட்டி பின்னிய கம்பளிக் குல்லா தலையில் இருந்தது, ஆனால் உடம்பில் சுற்றியிருந்த துணி ஈரம். ரத்தச் சர்க்கரை 34 மில்லிகிராம்தான். இது எங்களுக்கு அதிர்ச்சி இல்லை. குளிர்ந்த குழந்தை வேகமாக மூச்சுவிடும். வேகமாக மூச்சுவிடும் குழந்தை பால் குடிக்காது. பால் குடிக்காத குழந்தைக்குச் சர்க்கரை இறங்கும். ஏப்ரலில் சமவெளியில் ஆம்புலன்சுக்குள் வியர்க்கும். தொட்டபெட்டா பக்கம் மழை பிடித்திருந்தால் இங்கே கதை வேறு.

பத்து சதவீதக் குளுக்கோஸ், சூடேற்றும் மேசை, சிபாப். எக்ஸ்ரேயில் நுரையீரலின் மடல்களுக்கு நடுவே நீர்க்கோடு தெரிந்தது, நடுவிலிருந்து வெளியே கீற்றுக் கீற்றாக நிழல்கள். அதோடு ஒரு மெல்லிய மங்கலும் இருந்தது. நுரையீரல் நீர் வடியாமல் தங்கியதால் வரும் மூச்சு வேகம் என்று முதல் நாள் எழுதினேன். அந்த மங்கல் என்னை உறுத்தியது, ஆனாலும் "37 வாரம், முழுமாதக் குழந்தை" என்றுதான் என் கையெழுத்தில் குறிப்பு இருக்கிறது. தொற்று இல்லை என்று ரத்தக் கல்ச்சர் பரிசோதனை சொல்லும்வரை 48 மணி நேரம் ஆன்டிபயாட்டிக் போட்டோம். நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் மருந்தைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வைத்தோம், கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆக்சிஜன் தேவை இரவு எட்டு மணிக்கு மேல் மெல்ல இறங்கியது.

சிபாப் 52 மணி நேரம். நான்காம் நாள் மஞ்சள் காமாலை, நீல விளக்கின் கீழ் ஒன்றரை நாள். அதன் பிறகும் வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை, ஏனென்றால் குழந்தைக்கு உறிஞ்சத் தெரியவில்லை. நான்கு வாய் உறிஞ்சும், தூங்கிவிடும். பாலாடையில் ஊட்டினோம். பதினோராம் நாள் வீட்டுக்குப் போனது, எடை 2.34 கிலோ.

இரண்டாம் நாள் நடந்த விசாரணை

மறுநாள் காலை எங்கள் பிரிவின் மூத்த செவிலியர் குழந்தையின் உள்ளங்காலைக் காட்டி, "இது முப்பத்தேழு இல்லைங்க மேடம்" என்றார். இருபது வருடம் இந்த வேலையில் இருப்பவர். உள்ளங்கால் ரேகை முன்பாதியோடு நின்றிருந்தது. மார்பு மொட்டு சிறியது. காது மடலை மடித்துவிட்டால் திரும்பச் சோம்பலாக நிமிர்ந்தது. உடல் முதிர்ச்சியைப் புள்ளி போட்டுப் பார்த்தோம். 36 வாரத்துக்கு அருகில் வந்தது. இந்தப் புள்ளிக் கணக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் கூடக்குறையத் தவறும் என்பதால் அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனால் கேள்வி எழுந்துவிட்டது.

கணவரிடம் பழைய ஸ்கேன் காகிதங்களைக் கேட்டோம். தாய் கோத்தகிரியில் ஆபரேஷன் கட்டிலில். பாலைப் பிழிந்து கொடுக்க, இவர் அதைப் பிளாஸ்கில் வைத்து பைக்கில் எடுத்து வருவார். அடுத்த முறை பாலோடு ஒரு மஞ்சள் துணிப்பையும் வந்தது. அதற்குள் அக்டோபர் 21 அன்று எடுத்த முதல் ஸ்கேன். கருவின் தலை முதல் பிட்டம் வரை நீளம் 45 மில்லிமீட்டர்: 11 வாரம் 2 நாள். மாதவிடாய்க் கணக்கில் அன்றைக்கு 12 வாரம் 3 நாள் ஆகியிருக்க வேண்டும்.

எட்டு நாள் வித்தியாசம்.

9 வாரம் முதல் 14 வாரம் முடிவதற்குள் எடுத்த ஸ்கேன், மாதவிடாய்க் கணக்கிலிருந்து ஏழு நாளுக்கு மேல் விலகினால் ஸ்கேன் தேதியையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றும் விதி. அப்படிப் பார்த்தால் பிரசவ தேதி மே 10. ஏப்ரல் 12 அன்று குழந்தைக்கு வயது 36 வாரம், சரியாக 36. குறைமாதம்.

தாய் வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "உங்களுக்கு எத்தனை நாளுக்கு ஒரு தடவை வரும்மா?"

"முப்பத்தஞ்சு, முப்பத்தாறு நாள் ஆகும் டாக்டரம்மா. எப்பவுமே அப்படித்தான்."

அவ்வளவுதான். கடைசி மாதவிடாயிலிருந்து 280 நாள் என்ற கணக்கு, 28 நாள் சுழற்சியில் பதினான்காம் நாள் கருமுட்டை வெளிவருகிறது என்ற அனுமானத்தில் நிற்கிறது. 36 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்கு அது இருபத்திரண்டாம் நாள் வாக்கில் வரும். எட்டு நாள் எங்கே போனது என்று தேட வேண்டியதே இல்லை. ஸ்கேன் அறிக்கையின் அடியில் மே 10 என்று அச்சாகியே இருந்தது. அட்டையில் மே 2 என்று முன்பே எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு அட்டையைப் பார்த்தவர்கள் எல்லோரும், நான் உட்பட, அதையே நகலெடுத்தோம்.

நம் ஊரில் "பத்து மாதம் சுமந்து" என்கிறோம். பத்தையும் இருபத்தெட்டையும் பெருக்கினால் 280. பழைய கணக்கு துல்லியமானதுதான். ஆனால் அதே வாய் "ஒன்பது மாசம் முடிஞ்சாச்சு, இனி எப்ப வேணா எடுக்கலாம்" என்றும் சொல்கிறது. அங்கே மாதம் என்பது காலண்டர் மாதமா, இருபத்தெட்டு நாளா, வளைகாப்பு நடந்த மாதத்திலிருந்தா என்று யாருக்கும் தெளிவில்லை. நுரையீரலுக்கு மாதம் தெரியாது, வாரம்தான் தெரியும்.

தேதி வந்த வழி

எட்டு நாள் பிழையைக் கண்டுபிடித்ததும் எனக்கு ஒருவித திருப்தி வந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பிழை இல்லாவிட்டாலும் 37 வாரம் 1 நாள்தானே? வேறு காரணம் இல்லாத திட்டமிட்ட சிசேரியனுக்கு 39 வாரம் வரை காத்திருக்க வேண்டும். 37-ல் எடுக்க இங்கே காரணம் இல்லை. ஆகவே யார் தேதி குறித்தார்கள் என்று விசாரித்தேன். குற்றம் சாட்டுவதற்காக இல்லை. நால்வரிடம் பேசினேன், நால்வரும் நல்ல எண்ணத்தோடுதான் பேசினார்கள்.

மாமியார் சொன்னது: "சித்திரையில பிள்ள பொறந்தா வீட்டுக்கு ஆகாதுங்க. பங்குனி முடியறதுக்குள்ள எடுத்துட்டா தேவலைன்னு நான்தான் சொன்னேன்." ஏப்ரல் 14 சித்திரை ஒன்று. அதற்கு இரண்டு நாள் முன்பு ஆபரேஷன். ஜோசியர் அன்றைக்குக் காலை ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், குழந்தை 9.52-க்குப் பிறந்தது. சித்திரைப் பிள்ளை வேண்டாம் என்பதற்கு, அக்கினி வெயிலில் பச்சை உடம்புக்காரியும் குழந்தையும் வாடிப்போவார்கள் என்று விளக்கம் சொல்வதுண்டு. ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைப்பதையும் இதோடு சேர்த்துச் சொல்வார்கள். அந்த விளக்கம் ஈரோட்டுக்கும் கரூருக்கும் பொருந்தலாம். கோத்தகிரியில் சித்திரையிலும் ஸ்வெட்டர் போடுகிறோம்.

கணவர் சொன்னது: கம்பெனியில் வருடப்பிறப்பை ஒட்டித்தான் ஒரு வாரம் லீவு கிடைக்கும். மே மாதம் ஆர்டர் நெருக்கடி.

நர்சிங் ஹோம் மருத்துவர் போனில் சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது. "மேடம், நீங்க 39 வாரம்னு சொல்றீங்க. ஏப்ரல் கடைசில சீசன். ஊட்டியிலருந்து இறங்கற வண்டியெல்லாம் கோத்தகிரி வழியாத்தான் திருப்பி விடுவாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தப் பொண்ணுக்கு வலி வந்தா, எஸ்டேட் ரோட்டுல ஜீப் கிடைச்சு என்கிட்ட வர்றதுக்குள்ள தையல் விட்டுப்போச்சுன்னா யார் பதில் சொல்றது? மயக்க மருந்து டாக்டரும் கோயம்புத்தூர்லருந்து வரணும், அவருக்கும் நாள் பாக்கணும்."

இதைக் கேட்டுச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண்சரிவுகள் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. ரோடு இல்லாமல் போவது எங்களுக்குக் கற்பனை இல்லை. மலையில் பிரசவம் பார்க்கும் யாருமே, கையில் ஒரு தேதி இருந்தால் நிம்மதி என்று நினைப்பார்கள்.

நான்காவதாகத் தாய். அவரிடம் தேதியைப் பற்றி யாராவது கேட்டார்களா என்றேன். "டாக்டர் டேட் கொடுத்தாங்க, வந்தேன்" என்றார்.

அந்த மூன்று வாரத்தில் நுரையீரலில் என்ன நடக்கிறது

வயிற்றுக்குள் குழந்தையின் நுரையீரல் காற்றால் அல்ல, தானே சுரக்கும் நீரால் நிறைந்திருக்கிறது. அந்த நீர் இருந்தால்தான் நுரையீரல் வளரும். பிறக்கும் நேரத்தில் அந்த வேலை தலைகீழாக வேண்டும்: சுரந்ததை உறிஞ்ச வேண்டும். காற்றறைகளின் சுவரில் உப்பை உள்ளே இழுக்கும் கால்வாய்கள் இருக்கின்றன. உப்பு போகும் வழியில் நீரும் போகும். கடைசி வாரங்களில் அவற்றின் எண்ணிக்கை கூடுகிறது. பிரசவ வலி வரும்போது குழந்தையின் உடம்பில் அட்ரினலினும் கார்டிசோலும் பெருகி அவற்றை முடுக்குகின்றன. பிறப்புவழியில் நெஞ்சு நசுங்கி நீர் பிதுங்கி வெளியேறுகிறது என்று நாங்கள் படிக்கும் காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அதன் பங்கு சிறிதுதான் என்று இப்போது தெரிகிறது. வேலை பெரும்பாலும் ஹார்மோன்களுடையது.

வலியே வராமல் சிசேரியன் செய்தால் அந்த ஹார்மோன் அலை இல்லை. 39 வாரத்தில் செய்தாலும் இல்லைதான். ஆனால் அதற்குள் நுரையீரல் ஓரளவு தயாராகியிருக்கும், சர்ஃபாக்டன்ட்டும் போதுமான அளவு சேர்ந்திருக்கும். 36-ல் இரண்டுமே அரைகுறை. எங்கள் குழந்தையின் எக்ஸ்ரேயில் கீற்றும் மங்கலும் சேர்ந்தே இருந்ததற்கு எனக்குத் தோன்றும் விளக்கம் இதுதான்.

சர்க்கரையும் அப்படி. கல்லீரலில் சர்க்கரை இருப்பு, முதுகில் சூடு தரும் பழுப்புக் கொழுப்பு எல்லாம் கடைசி வாரங்களின் சேமிப்பு. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றையும் ஒழுங்குபடுத்தும் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. 34 வாரத்தில் மூளையின் எடை முழுமாதத்தில் இருப்பதில் ஏறத்தாழ 65 சதவீதம்தான். பதினோராம் நாள்வரை பாலாடை பிடித்ததற்குக் காரணம் குழந்தையின் சோம்பல் இல்லை.

உயரத்தையும் சொல்லியாக வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர், ஏறத்தாழ மெக்சிகோ நகரத்தின் உயரம். காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். ஆரோக்கியமான குழந்தைக்கே இங்கே ஆக்சிஜன் அளவு சமவெளியைவிடச் சில புள்ளிகள் குறைவாகக் காட்டும். நீர் தேங்கிய நுரையீரலுக்கு அந்தச் சில புள்ளிகளைக் கொடுக்க வசதி இல்லை. கோவையில் வெறும் கண்காணிப்போடு தப்பிக்கும் குழந்தை இங்கே கருவிக்குப் போகிறது என்பது என் அனுபவம். இதை எண்ணால் நிரூபிக்க என்னிடம் ஆய்வு இல்லை, ஆனால் மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஆம்புலன்ஸ் மீட்டரில் எண் ஏறுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

எண்கள்

2009-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. 19 மையங்கள், முன்பு சிசேரியன் ஆன பெண்களுக்கு, வலி வருவதற்கு முன், அவசரக் காரணம் இல்லாமல், 37 வாரத்திலோ அதற்குப் பிறகோ செய்த 13,258 சிசேரியன்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 39 வாரத்துக்கு முன்பே செய்யப்பட்டவை. மூச்சுக் கோளாறு, சர்க்கரை இறக்கம், தொற்று, தீவிர சிகிச்சை என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ஏதாவது ஒன்று வந்த குழந்தைகள் 37 வாரத்தில் 15.3 சதவீதம், 38-ல் 11, 39-ல் 8. முந்தைய ஆண்டு டென்மார்க்கில் வந்த ஆய்வு மூச்சுக் கோளாறை மட்டும் பார்த்தது: இயல்பாகப் பிரசவிக்கத் திட்டமிட்டவர்களோடு ஒப்பிட்டால் 37 வாரத் திட்டமிட்ட சிசேரியனில் ஏறத்தாழ நான்கு மடங்கு, 38-ல் மூன்று, 39-ல் இரண்டு.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அதே டென்மார்க்கில் 2013-ல் வெளியான சோதனையில் 38 வாரம் 3 நாளுக்கும் 39 வாரம் 3 நாளுக்கும் சீட்டுப் போட்டுப் பெண்களைப் பிரித்தார்கள். பச்சிளங்குழந்தைப் பிரிவில் சேர்ந்தவர்கள் முறையே 13.9, 11.9 சதவீதம், உறுதியாகச் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஆகவே 38 வாரம் 5 நாளில் ஒருவர் சிசேரியன் செய்தால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். 37-க்குப் போவேன். 36-க்கு, காரணம் இல்லாமல் என்றால், கட்டாயம் போவேன்.

காரணம் இருந்தால் கதையே வேறு. நஞ்சுக்கொடி கருப்பை வாயை அடைத்திருந்தால் 36, 37-லேயே எடுக்க வேண்டும். அது பழைய தையலுக்குள் வேரோடியிருந்தால் இன்னும் முன்பே. முன்பு கருப்பையில் மேலிருந்து கீழாக நீள்வெட்டு போட்டிருந்தால் 36, 37-ல். ரத்த அழுத்தம், கட்டுக்கடங்காத சர்க்கரை, வளர்ச்சி குன்றிய குழந்தை, ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டையர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் இருக்கிறது. காத்திருப்பதும் இலவசம் இல்லை: வயிற்றிலேயே குழந்தை இறந்துபோகும் அபாயம் சிறியது, ஆனால் பூஜ்யம் இல்லை. 39 என்ற எண் இந்த இரண்டு அபாயங்களுக்கும் நடுவே வந்து நிற்கும் இடம். 2013-ல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 37-ஐயும் 38-ஐயும் "முழுமாதம்" என்ற சொல்லிலிருந்தே எடுத்துவிட்டு "ஆரம்ப முழுமாதம்" என்று பிரித்தது, முழுமாதம் 39-லிருந்துதான்.

தமிழ்நாட்டுக்கு இது சிறிய விஷயம் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இங்கே பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியாரில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. நாட்டுச் சராசரி 21.5. முதல் பிரசவம் சிசேரியன் என்றால் இரண்டாவதும் பெரும்பாலும் சிசேரியன்தான். அதற்கு யாரோ ஒருவர் காலண்டரைப் பார்த்து நாள் சொல்லப் போகிறார்.

ரோடு என்ற வாதம்

அந்த நர்சிங் ஹோம் மருத்துவரின் பயத்துக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் மற்றவை எல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை. 39 வாரத்துக்கு நாள் குறித்தால் பத்தில் ஒருவருக்கு அதற்கு முன்பே வலி வந்துவிடும். பழைய கீழ்க்குறுக்கு வெட்டு வலியில் பிரிவது ஏறத்தாழ இருநூறில் ஒருவருக்கு. வலி வந்தவர்கள் அத்தனை பேருக்கும் இல்லை, ஆனால் வந்தால் நிமிடங்கள்தான் இருக்கும். கோவையில் பத்து நிமிடத்தில் ஆபரேஷன் தியேட்டர். லைன் வீட்டிலிருந்து?

அவர் பயந்த ஆபத்து நிஜம். அதற்கு அவர் கண்ட தீர்வு குழந்தையை மூன்று வாரம் முன்னால் கொண்டுவருவது. தாயை மூன்று வாரம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்பது என் வாதம். மலைப்பகுதிகளில் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்காகவே பிரசவக் காத்திருப்பு அறைகள் இருக்கின்றன. இந்தத் தாய்க்குக் கோத்தகிரி டவுனில் சித்தி வீடு இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆபரேஷன் முடிந்து குழந்தை எங்களிடம் இருந்தபோது மாமியார் தங்கியதே அந்த வீட்டில்தான்! 36 வாரத்திலிருந்து அங்கே தங்கி, வலி வந்தால் நடந்தே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கலாம். மே 3 அன்று சிசேரியன். ஆனால் மூத்த பிள்ளையை யார் பார்ப்பது, மூன்று வாரம் இலைக்கூலி போனால் யார் கொடுப்பது என்று அந்தத் தாய் கேட்டால் என்னிடம் முழுப் பதில் இல்லை. பதினோரு நாள் எங்கள் பிரிவின் வாசலில் உட்கார்ந்ததிலும் கூலி போனது என்று மட்டும் சொல்லலாம்.

சித்திரைக்கு ஒரு சமாதானமும் கிடைக்காது. மே 3-லிருந்து ஒரு வாரம் முழுக்கச் சித்திரைதான். வைகாசி பிறக்கும்போது 40 வாரம் 5 நாள் ஆகியிருக்கும், அது வரை தள்ளவும் கூடாது. இதை நேராகச் சொல்லிவிட வேண்டும். நல்ல நேரம் பார்ப்பதில் எனக்குப் புகார் இல்லை; 39 வாரம் நிறைந்த பிறகு வரும் ஏழு நாளில் எந்த நாள், எந்த மணி என்று ஜோசியரிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்று நானே சொல்வதுண்டு.

தேதியை மாற்ற முடியாவிட்டால் நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்கலாமே என்று எங்கள் மாணவர் ஒருவர் கேட்டார். 34-லிருந்து 36 வாரம் முடியும்வரை உண்மையாகவே எடுக்க வேண்டிய நிலை வந்தால் அதற்கு இடம் உண்டு. மூச்சுக் கோளாறு குறைகிறது, ஆனால் குழந்தைக்குச் சர்க்கரை இறங்குவது கூடுகிறது என்று 2016-ல் வந்த பெரிய சோதனை காட்டியது. காரணமில்லாத தேதிக்கு அது மன்னிப்புச் சீட்டு ஆகாது. ஏற்கனவே 34 மில்லிகிராமாக இருந்த சர்க்கரை, ஊசி போட்டிருந்தால் எங்கே நின்றிருக்குமோ.

குடும்பக் கட்டுப்பாடு

தாய் கையெழுத்துப் போட்டிருந்தார், அவருக்கு இரண்டு குழந்தை போதும், சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் வயிற்றைத் தைப்பதற்கு முன் கருக்குழாயைக் கட்டும் அந்தப் பத்து நிமிடத்தில் குழந்தை இன்னும் முனக ஆரம்பிக்கவில்லை. குறைமாதக் குழந்தை என்று தெரிந்திருந்தால் அந்தக் கையெழுத்தை மறுபடி கேட்டிருப்பார்களா? எங்களிடம் வந்த இரண்டாம் இரவு, சிபாப் குமிழிச் சத்தத்துக்கு நடுவே கணவர் என்னிடம் கேட்டது அதுதான்: "இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, திரும்ப அவுத்துவிட முடியுங்களா?" நான் பதில் சொல்லாமல் குழந்தையின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு

எங்கள் சேர்க்கைப் படிவத்தில் "கர்ப்ப வாரம்" என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் "எதை வைத்து?" என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். முதல் ஸ்கேன் தேதியும் அளவும் அதில் எழுத வேண்டும். காகிதம் வரவில்லையென்றால் காலியாக விட வேண்டும், அட்டையைப் பார்த்து நிரப்பக் கூடாது. பாதி நேரம் காலியாகத்தான் இருக்கிறது. அந்த நர்சிங் ஹோம் மருத்துவர் இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் போன் செய்து, 38 வாரத்தில் நாள் கேட்கும் ஒரு குடும்பத்தைப் பற்றி யோசனை கேட்டார். முதல் ஸ்கேன் என்ன சொல்கிறது என்றேன். "கேப்பீங்கன்னு தெரியும், எடுத்து வச்சிருக்கேன்" என்றார்.

குழந்தை ஆறு மாதத்தில் வந்தது, 6.9 கிலோ, கூழ் ஊட்டலாமா என்று கேட்க. கூடவே தாயின் நாத்தனார், கல்யாணமாகி ஒரு வருடம், பன்னிரண்டு வாரம். ஸ்கேன் காகிதத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மார்போடு அணைத்து வைத்திருந்தார், அண்ணி சொல்லியிருக்கிறார். மாதவிடாய்க் கணக்கும் ஸ்கேன் கணக்கும் இரண்டு நாள்தான் வித்தியாசம், மாற்றத் தேவையில்லை. அட்டையின் முதல் பக்கத்தில் தேதியைப் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்: ஏப்ரல் 29.

மாமியார் விரல் மடக்கி எண்ணினார். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று போய்ச் சித்திரையில் விரல் நின்றது. கொஞ்ச நேரம் மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இது சம்பந்தி வீட்டுக் கணக்குங்க டாக்டரம்மா, அவங்க பாத்துக்குவாங்க" என்றார்.

மருமகள் குழந்தையின் குல்லாவைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.